ரயில் விபத்துக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயில்வேயில் முப்பது வருஷம். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் ஒரு கோட்டத்தின் பாதுகாப்புப் பிரிவில் விபத்துக் கோப்புகளோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. கல்யாணப் பந்தியோ டீக்கடையோ, டிவியில் ஒரு ரயில் விபத்துச் செய்தி ஓடினால் போதும், எல்லாரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். எல்லாம் இந்திய ரயில்வே பற்றியது.

ரயில்வே கணக்குல எதை விபத்துன்னு சொல்வாங்க? தண்டவாளத்தை விட்டு இறங்கினாலே விபத்தா?

விபத்துதான், ஆனால் எந்தப் பெட்டியில் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரயில்வேயில் ஆங்கில எழுத்து ஏ முதல் ஆர் வரை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ முதல் ஈ வரை மோதல், தீ, லெவல் கிராசிங், தடம் புரள்வு, இதர ரயில் விபத்து. அதற்கப்புறம் மயிரிழையில் தப்பிய மோதல், சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போனது, தண்டவாள முறிவு, சிக்னல் கோளாறு என்று போகும். இதில் ஏ முதல் ஈ வரை வருவதுதான் 'ரயில் விபத்து'.

அதற்குள்ளேயும் இரண்டு. உயிர்ச்சேதம், காயம், குறிப்பிட்ட தொகைக்கு மேல் சொத்துச் சேதம், குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் போக்குவரத்துத் தடை, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் 'கான்சிக்வென்ஷியல்' விபத்து. இல்லையென்றால் 'அதர்' விபத்து. முதல் வகையை இங்கே பெரிய விபத்து என்றே சொல்கிறேன். அமைச்சர் பார்லிமென்டில் படிப்பதும் நீங்கள் பேப்பரில் பார்ப்பதும் இந்தப் பெரிய விபத்து எண்ணிக்கை மட்டும்தான்.

ஒரு பேப்பர்ல வருஷத்துக்கு 48 விபத்துங்கறான், இன்னொருத்தன் 20 ஆயிரம் சாவுங்கறான். யார் பொய் சொல்றாங்க?

யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. 2022-23இல் ரயில்வே கணக்கில் பெரிய விபத்து 48. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டுக்குச் சொன்ன 'ரயில்வே விபத்து' மரணங்கள் 20,792. முதலாவது, ரயில் என்ற வாகனத்துக்கு என்ன ஆனது என்ற கணக்கு. ரயில் மோதியதா, தடம் புரண்டதா, எரிந்ததா என்று மட்டும் பார்க்கும். இரண்டாவது, ரயிலால் மனிதனுக்கு என்ன ஆனது என்ற கணக்கு. போலீஸ் பதிவு செய்த வழக்குகளிலிருந்து வருவது. ஓடும் வண்டியிலிருந்து விழுந்தவர்களும் தண்டவாளத்தில் அடிபட்டவர்களும்தான் அதில் மிகப் பெரிய பங்கு.

2019-20இல் ரயில் விபத்தில் பயணி ஒருவர்கூட இறக்கவில்லை என்று ரயில்வே பெருமையாகச் சொன்னது. 2019ஆம் ஆண்டுக்குக் காப்பகம் சொன்ன மரணங்கள் 24,619. ஒன்று நிதியாண்டு, மற்றது காலண்டர் ஆண்டு, அந்தச் சின்ன வித்தியாசம் இருக்கிறது. ஆனால் பூஜ்யத்துக்கும் இருபத்து நாலாயிரத்துக்கும் நடுவில் இருப்பது மூன்று மாத வித்தியாசம் இல்லை.

அப்போ தண்டவாளத்துல அடிபட்டுச் சாகறவங்க ரயில்வே கணக்குலயே வரமாட்டாங்களா?

வருவார்கள், 'பி' (P) என்ற எழுத்தில், தீ விபத்தின் B இல்லை. ஓடும் ரயிலிலிருந்து விழுந்தால் பி-1, ரயில் அடித்தால் பி-2. இது வழக்கத்துக்கு மாறான சம்பவம் என்ற தலைப்பில் வரும், ரயில் விபத்து என்ற தலைப்பில் வராது. நான் வேலை பார்த்த இடத்தில் இந்தத் தகவல் தினமும் காலையில் கன்ட்ரோலிலிருந்து வரும், கிலோமீட்டர் கல் எண்ணோடு. தினமும் வருவதற்கு 'வழக்கத்துக்கு மாறான' என்று பேர் வைத்தவர் யாரோ தெரியவில்லை.

ரயில்வே தரப்பு வாதம் இது: தண்டவாளத்தைக் கடப்பது அத்துமீறல், ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதச் சிறையோ ஆயிரம் ரூபாய் அபராதமோ உண்டு, குற்றம் செய்தவன் அடிபட்டால் அது எங்கள் கணக்கா? சட்டப்படி சரிதான். ஆனால் ஊரின் ஒரு பக்கம் பள்ளிக்கூடமும் மறு பக்கம் குடியிருப்பும் இருந்து, நடைமேம்பாலம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஜனங்கள் எங்கே கடப்பார்கள்? 2012இல் அறிக்கை கொடுத்த அனில் ககோட்கர் குழு, ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இப்படிச் சாகிறார்கள், மும்பை புறநகர் பாதையில் மட்டும் 6,000 பேர் என்று எழுதி, இதைப் படுகொலை என்றே சொன்னது. அத்துமீறல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அந்தக் குழு ரயில்வேயை விடவில்லை.

2018 அக்டோபர் 19 அன்று அமிர்தசரஸில் தசரா பார்க்கத் தண்டவாளத்தில் நின்றவர்கள் மேல் ரயில் ஏறி அறுபது பேர் போல இறந்தார்கள். 2020 மே மாதம் அவுரங்காபாத் அருகே ஊருக்கு நடந்து போய், அசந்து தண்டவாளத்தில் தூங்கிய தொழிலாளர்கள் 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டார்கள். இரண்டும் பெரிய விபத்து எண்ணிக்கையில் கிடையாது.

ஃபுட்போர்டுல தொங்கிட்டுப் போய் விழுந்தா? டிக்கெட் வாங்கின பயணிதானே?

பயணிதான், ஆனாலும் 'ரயில் விபத்து' இல்லை. 2018 ஜூலையில் பரங்கிமலையில், வழக்கமான பாதைக்குப் பதிலாக எக்ஸ்பிரஸ் பாதையில் விட்ட புறநகர் வண்டியில் படியில் தொங்கியவர்கள் நடைமேடை ஓரத்துக் கான்கிரீட் சுவரில் அடிபட்டு ஐந்து பேர் இறந்தது நினைவிருக்கும். வண்டி தடம் புரளவில்லை, எதன் மேலும் மோதவில்லை. ஆகவே ஏ முதல் ஈ வரை எதிலும் பொருந்தாது.

ஆனால் இழப்பீடு என்று வரும்போது இது வேறு கதை. ரயில்வே சட்டம் 124ஏ பிரிவில் 'அன்டுவேர்ட் இன்சிடென்ட்' என்று ஒன்று இருக்கிறது, தற்செயலாக ரயிலிலிருந்து விழுவது அதில் அடங்கும். அதாவது புள்ளிவிவரத்தில் இல்லாத சாவு இழப்பீட்டில் இருக்கும். விவரம் கீழே டிக்கெட் பற்றிய கேள்வியில்.

டெல்லி ஸ்டேஷன்ல நெரிசல்ல செத்தாங்களே, அது?

2025 பிப்ரவரி 15 இரவு புது தில்லி நிலையத்தில் 18 பேர். 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நடைமேம்பாலத்தில் 23 பேர். இரண்டிலும் ரயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவே இதுவும் பெரிய விபத்து இல்லை. எட்டு சரக்கு வேகன் கவிழ்ந்து பாதை அரை நாள் அடைபட்டால் அது பெரிய விபத்து, 23 பேர் மிதிபட்டுச் செத்தால் இல்லை.

கோடிக்கணக்குல கிலோமீட்டர் ஓடறதுல 0.03 விபத்துன்னு சொல்றாங்களே, அந்த 0.03 என்னது?

பத்து லட்சம் ரயில் கிலோமீட்டருக்கு எத்தனை பெரிய விபத்து என்பது. ஒரு ரயில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் அது ஒரு ரயில் கிலோமீட்டர். 2000-01இல் இந்தக் குறியீடு 0.65, 2014-15இல் 0.11, 2023-24இல் 0.03. அதாவது சுமார் 3.3 கோடி கிலோமீட்டருக்கு ஒரு விபத்து. சென்னையிலிருந்து டெல்லிக்கு 2,180 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் தினம் ஒரு வண்டி விட்டு 41 வருஷம் ஓடினால் ஒன்று. இப்படிச் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நிஜத்திலும் நல்ல எண்தான்.

இதில் ஒரு சிக்கல். ஆயிரத்து ஐந்நூறு பேரோடு போகும் எக்ஸ்பிரஸும் காலியாகத் திரும்பும் சரக்கு ரயிலும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். வகுக்கப்படும் விபத்து எண்ணிக்கையிலும் அப்படியே: ஒரு வேகன் கவிழ்ந்ததும் ஒன்று, பாலசோரில் 296 பேர் இறந்ததும் ஒன்று. பயணிக்கு எவ்வளவு ஆபத்து என்று தெரிய வேண்டுமானால் பயணி கிலோமீட்டரால் வகுக்க வேண்டும். கேட் பக்கம் குடியிருப்பவருக்கு எவ்வளவு ஆபத்து என்று தெரிய, எதனால் வகுத்தாலும் இந்த எண்ணிலிருந்து விடை வராது.

473 விபத்து இப்போ 31க்கு வந்துடுச்சாம். நிஜமா குறைஞ்சதா, எழுதறதைக் குறைச்சிட்டாங்களா?

நிஜமாகவே குறைந்திருக்கிறது. இதை நான் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் ரயில்வேயைத் திட்டுவது சுலபம். 2000-01இல் 473, 2014-15இல் 135, 2024-25இல் 31. ஆளில்லாத லெவல் கிராசிங்குகளை அகலப் பாதையில் 2019 ஜனவரி 31க்குள் முழுக்க ஒழித்தார்கள், அதோடு ஒரு வகை விபத்தே கிட்டத்தட்ட காணாமல் போனது. பழைய நீலப் பெட்டிகளுக்குப் பதில் வந்த எல்எச்பி பெட்டிகள் தடம் புரண்டாலும் எளிதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. தண்டவாளத்தின் உள்வெடிப்பை அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்கள், கை லீவருக்குப் பதில், சிக்னலையும் பாதையையும் ஒன்றோடொன்று பூட்டி வைக்கும் எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் வந்திருக்கிறது.

ஆனால் பெரிய விபத்து என்று எழுத வைக்கும் சேத வரம்பு என்ற கோட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2022 டிசம்பரில் வைத்த அறிக்கையில், 2017-18 முதல் 2020-21 வரை பெரிய விபத்து 217, அதர் விபத்து 1,800. அந்த 217இல் 163 தடம் புரள்வு, 1,800இல் 1,229 தடம் புரள்வு. இரண்டிலும் தடம் புரண்டது தடம் புரண்டதுதான், ஒன்றில் சேதம் கோட்டைத் தாண்டியது, மற்றதில் தாண்டவில்லை. சேத மதிப்பைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் என்ன ஆகும் என்று யோசிக்க ரயில்வேக்காரனாக இருக்கத் தேவையில்லை.

பாலசோர்ல செத்தது எத்தனை பேர்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

2023 ஜூன் 2 மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பஹாநாகா பஜார் நிலையத்தில் லூப் லைனுக்குள் (வண்டிகள் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை) புகுந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. முதலில் 288 என்றார்கள். இரண்டு நாள் கழித்து, சில உடல்களை இரண்டு தடவை எண்ணிவிட்டோம் என்று ஒடிசா அரசு 275 ஆக்கியது. அப்புறம் மறுபடி 288. ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறக்க, கடைசியில் 296. அடையாளம் தெரியாத 28 உடல்களை அக்டோபரில்தான் புவனேஸ்வரில் தகனம் செய்தார்கள்.

இதில் சதி எதுவும் இல்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் யார் இருந்தார்கள் என்ற பட்டியலே கிடையாது. ஒரே உடலை மூன்று குடும்பம் தங்களுடையது என்று சொன்னால் டிஎன்ஏ பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விபத்து நடந்த 30 நாளுக்குள் இறந்தால் அந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், 31ஆம் நாள் இறந்தவர் சேரமாட்டார். கொடுமையாகத் தெரியும், ஆனால் எல்லாரும் ஒரே கோல் வைத்து அளக்க அது தேவைப்படுகிறது. 1956 நவம்பரில் அரியலூர் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தபோது இறந்தவர்கள் எண்ணிக்கையே இன்றுவரை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது, லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார் என்பதில் மட்டும்தான் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

அத்தனை பேர் செத்த வருஷத்துல "விபத்து குறைஞ்சிருக்கு"ன்னு எப்படி சொன்னாங்க?

எண்ணிக்கை நிஜமாகவே குறைந்தது, அதனால்தான். 2022-23இல் 48, பஹாநாகா நடந்த 2023-24இல் 40. மேலே குறியீடு பற்றிய பதிலில் சொன்னதுதான், எத்தனை பேர் இறந்தாலும் விபத்து ஒன்று. அந்த ஆண்டு ரயில் விபத்துகளில் இறந்த பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அந்த ஒரு மாலையில் இறந்தவர்கள். அபூர்வமாக நடக்கும் ஒன்றை ஒரு வருஷ எண்ணை வைத்து அளந்தால் இப்படித்தான் ஆகும், கூடினாலும் குறைந்தாலும் பெரிய அர்த்தம் கிடையாது.

அதற்குப் பதிலாக எதைப் பார்க்கலாம் என்றால், நடக்க இருந்து நடக்காமல் போனவற்றை. 2023 பிப்ரவரி 8 அன்று, பஹாநாகாவுக்கு நாலு மாதம் முன்னால், கர்நாடகத்தில் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் சிக்னல் ஒரு பாதைக்கும் பாயின்ட் (வண்டியைப் பாதை மாற்றிவிடும் தண்டவாள அமைப்பு) வேறு பாதைக்குமாக அமைந்து, லோகோ பைலட் கவனித்து நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் உயர் அதிகாரி ஒருவர், இது பெரிய விபத்தாகியிருக்கும், சிக்னல் பராமரிப்பில் ஓட்டை இருக்கிறது என்று கடிதம் எழுதினார். பஹாநாகாவில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை கண்டதும் சிக்னல் வயரிங் மாற்றும் வேலையில் நடந்த தவறுதான்.

2024 அக்டோபர் 11 அன்று நம்ம கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் அதே மாதிரி லூப் லைனில் புகுந்து நின்ற சரக்கு ரயிலில் மோதியது. காரணம் வேறாக இருக்கலாம், காட்சி ஒன்று. ஒருவரும் இறக்கவில்லை. சாவை வைத்து அளப்பவர் பஹாநாகாவை 296 என்றும் கவரைப்பேட்டையைப் பூஜ்யம் என்றும் எழுதுவார்.

இழப்பு இத்தனை கோடின்னு அறிக்கையில வருதே, அதை யார் எப்படிப் போடறாங்க?

விபத்து நடந்த இடத்துக்குப் போகும் ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் சொல்லும். இன்ஜினியரிங் துறை தண்டவாளம், ஸ்லீப்பர். மெக்கானிக்கல் துறை பெட்டி, வேகன். மின்துறை மேல்நிலைக் கம்பி. சிக்னல் துறை கேபிள், பாயின்ட் மெஷின். கூட்டிப் போட்டால் உத்தேச இழப்பு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெட்டி இன்னும் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும்போதே, 140 டன் கிரேன் வந்து சேரும் முன்னாலேயே, நடு ராத்திரியில் போனில் ஒரு தொகை கேட்பார்கள், யாரோ ஒருவர் சொல்வார். அந்த ராத்திரித் தொகை கடைசி அறிக்கை வரைக்கும் மாறாமல் போன கோப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

சேராதவைதான் நீளம். ரத்தான வண்டிகளுக்குத் திருப்பிக் கொடுத்த டிக்கெட் பணம், சுற்றுப் பாதையில் விட்ட வண்டிகளின் கூடுதல் செலவு, அந்தப் பாதையில் போகாத நிலக்கரி, அதனால் நின்ற மின்நிலையம், இன்டர்வியூவுக்குப் போக முடியாத பையன். கால் போன ஒருவரின் அடுத்த முப்பது வருஷ வைத்தியம் அவர் குடும்பத்தின் கணக்கில் மட்டும்தான் இருக்கும். அதனால் 'இழப்பு 3 கோடி' என்று படித்தால் ரயில்வே சொத்துக்கு 3 கோடி என்று படியுங்கள்.

செத்தா 8 லட்சம்னு எப்படி விலை போட்டாங்க?

அது விலை இல்லை, சட்டத்தில் எழுதிய இழப்பீடு. 4 லட்சமாக இருந்ததை 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம் ஆக்கினார்கள். இது தவிர உடனடியாகக் கையில் கொடுக்கும் கருணைத் தொகை தனி. ரயில் விபத்தில் இறந்தால் 50,000 என்றிருந்தது, 2023 செப்டம்பரில் 5 லட்சம் ஆனது. பலத்த காயத்துக்கு 25,000இலிருந்து 2.5 லட்சம். பஹாநாகாவுக்குத் தனியாக 10 லட்சம் அறிவித்தார்கள்.

விலை போடுவது வேறு வேலை, அதைச் சில நாடுகள் வெளிப்படையாகவே செய்கின்றன. பிரிட்டன் ரயில்வேயில் ஒரு சாவைத் தடுக்க எவ்வளவு செலவு செய்வது நியாயம் என்று ஒரு தொகை வைத்திருக்கிறார்கள், 20 லட்சம் பவுண்டுக்கு மேல். ஒரு வேலியோ பாலமோ போடலாமா என்று முடிவெடுக்கும்போது அந்தத் தொகையை வைத்துப் பார்ப்பார்கள். உயிரைப் பணத்தால் அளப்பதா என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் தொகை எழுதாவிட்டால் உயிருக்கு விலையில்லை என்று ஆகிவிடாது, திட்டம் போடுகிறவர் மனசுக்குள் பூஜ்யம் போட்டுக்கொள்வார்.

டிக்கெட் தொலைஞ்சு போச்சு, இழப்பீடு கிடைக்குமா?

கிடைக்க வழி உண்டு. ரீனா தேவி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் பயணி இல்லை என்று சொல்லக் கூடாது, குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அதை மறுத்து நிரூபிப்பது ரயில்வேயின் வேலை என்று சொல்லிவிட்டது. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தால், கவனக்குறைவு என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. தற்கொலை, தானே தேடிக்கொண்ட காயம், குற்றச் செயல், போதை, நோய் இவற்றுக்கு மட்டும் கிடையாது. ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், சென்னையிலும் அமர்வு இருக்கிறது.

ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது 45 பைசாவுக்கு ஒரு காப்பீடு கேட்கும், டிக் பண்ணிவிடுங்கள். இறந்தால் 10 லட்சம். டிக் பண்ணிவிட்டு நாமினி பெயர் போடாமல் விடுவதுதான் பாதிப் பேர் செய்யும் தப்பு.

ரயில்வே விபத்தை ரயில்வேயே விசாரிச்சா உண்மை வருமா?

பயணி ரயிலில் உயிர்ச்சேதம் ஆன விபத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார், சட்டத்தின் 114ஆம் பிரிவு. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் ரயில்வே வாரியத்தின் பிடியில் இருக்கக் கூடாது என்று 1941இலேயே பிரித்து வைத்த ஏற்பாடு அது. இருந்தாலும் அங்கே வேலை பார்ப்பவர்கள் ரயில்வேயிலிருந்து வந்தவர்கள், எல்லா அறிக்கையும் பொதுவில் வருவதில்லை. சட்டபூர்வமான தனிப் பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று மேலே சொன்ன ககோட்கர் குழு கேட்டது, இன்னும் வரவில்லை.

மற்ற விபத்துகளைக் கோட்ட அதிகாரிகள் குழுதான் விசாரிக்கும். மேலே சொன்ன தணிக்கை அறிக்கை பார்த்த தடம் புரள்வு விசாரணைகளில் 63 சதவீதம் குறித்த நாளுக்குள் கொடுக்கப்படவில்லை.

எல்லாப் பழியும் கேட் கீப்பர் மேலயும் டிரைவர் மேலயும்தானே விழுது?

விழுகிறது. 'ஊழியர் தவறு' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டால் கோப்பு சீக்கிரம் மூடும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மேல் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தபோது கேட் கீப்பரைக் கைது செய்தார்கள். அவர் செய்தது என்ன என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த கேட்டுக்கு இன்டர்லாக்கிங் இல்லை. இன்டர்லாக்கிங் இருந்தால் கேட் மூடாமல் சிக்னலே விழாது. அது ஏன் இல்லை? ஒரு நாளில் போகும் ரயில்களையும் சாலை வாகன யூனிட்டுகளையும் பெருக்கி வரும் எண் 20,000க்கு மேல் இருந்தால்தான் இன்டர்லாக்கிங் என்று வரம்பு வைத்திருந்தார்கள். 20 ரயில், 500 வாகனம் என்றால் 10,000. விபத்துக்கு அப்புறம் வரம்பை 10,000 ஆக்கினார்கள். அதே கேட், அதே போக்குவரத்து, முந்தின வாரம் வரை பத்தாது, இப்போது பத்தும்.

தணிக்கையாளர் பார்த்த 1,129 தடம் புரள்வு விசாரணை அறிக்கைகளில் 422 இன்ஜினியரிங் துறை சம்பந்தப்பட்டவை, அதில் 171 பாதைப் பராமரிப்புக் குறை. வெயிலில் பாதை பார்க்கும் டிராக்மேன் எத்தனை பேர், காலி இடம் எத்தனை என்ற கேள்விக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

வெளிநாட்டோட ஒப்பிட்டா நாம எங்க இருக்கோம்?

நேராக ஒப்பிட முடியாது. ஐரோப்பாவில் ஒருவர் இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ, ஒன்றரை லட்சம் யூரோ சேதமானாலோ, ஆறு மணி நேரம் பாதை அடைபட்டாலோ குறிப்பிடத்தக்க விபத்து. தண்டவாளத்தில் நடந்து அடிபட்டவரும் அதில் வருவார், தற்கொலையை மட்டும் பிரித்து எழுதுவார்கள். ஒரு பலத்த காயத்தைப் பத்தில் ஒரு சாவு என்று கூட்டி ஒரே எண்ணாகவும் தருவார்கள். அந்தக் கோலை இங்கே கொண்டு வந்தால் நம் 31 பல ஆயிரமாகிவிடும். நம் கோலை அங்கே கொண்டு போனால் அவர்கள் எண்ணிக்கை பெரும்பகுதி காணாமல் போகும். யாராவது 'ஐரோப்பாவைவிட நாம் மேல்' என்று படம் போட்டு அனுப்பினால் எந்தக் கோல் என்று கேளுங்கள்.

கவச் போட எவ்வளவு ஆகும்? அதைப் போட்டா எல்லாம் சரியாயிடுமா?

கவச் என்பது மோதலைத் தவிர்க்க வண்டியைத் தானாகவே நிறுத்தும் கருவி அமைப்பு. அரசு சொல்லும் கணக்கு, பாதையோரக் கருவிகளுக்குக் கிலோமீட்டருக்கு 50 லட்சம், ஒரு இன்ஜினுக்கு 80 லட்சம். மொத்தப் பாதை 69,000 கிலோமீட்டர் போல, பாதைக்கு மட்டும் 34,500 கோடி வருகிறது. சிவப்பு சிக்னலைத் தாண்டி மோதுவதைத் தடுக்கும், அதற்காகவே போட வேண்டியதுதான். ஆனால் பஹாநாகாவில் சிக்னலே பச்சையாகப் பொய் சொன்னது, அங்கே கவச் இருந்தாலும் காப்பாற்றியிருக்காது. தடம் புரள்வுக்கும் அது மருந்து இல்லை. பி-1, பி-2க்கு சுத்தமாக இல்லை, அதற்கு வேண்டியது வேலி, நடைமேம்பாலம், கதவு மூடும் புறநகர் வண்டி.

காசு இல்லை என்றும் முழுக்கச் சொல்ல முடியாது. 2017-18இல் ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்ஷா கோஷ் என்று ஐந்து வருஷத்துக்கு ஒரு லட்சம் கோடியில் பாதுகாப்பு நிதி தொடங்கினார்கள், வருஷத்துக்கு 15,000 கோடி பட்ஜெட்டிலிருந்து, 5,000 கோடி ரயில்வே சொந்த வருமானத்திலிருந்து. முதல் நாலு வருஷத்தில் ரயில்வே போட வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி போடவே இல்லை என்று தணிக்கையாளர் எழுதினார்.

எங்க ஊர் கேட்டுல எத்தனை பேர் செத்தாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், மத்திய அரசின் ஆன்லைன் தளத்தில் பத்து ரூபாய். உங்கள் கோட்டத்துக்கு இரண்டு கேள்வி: அந்த கேட்டின் கடைசி வாகனக் கணக்கெடுப்பில் ரயிலையும் வாகனத்தையும் பெருக்கி வந்த எண் என்ன, இன்டர்லாக்கிங் இருக்கிறதா. கணக்கெடுப்பு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும், எந்தத் தேதியில் எடுத்தது என்றும் கேளுங்கள். இறந்தவர்கள் எண்ணிக்கைக்கு ரயில்வேயிடம் 'விபத்து' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும், காரணம் மூன்றாவது பதிலில் இருக்கிறது. பி-1, பி-2 என்று எழுதிக் கேளுங்கள். இன்னொரு மனு, மாநில அரசின் கீழ் வரும் இருப்புப்பாதை போலீசுக்கு. இரண்டு மனுவிலும் எந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து எந்தக் கல் வரை என்று போடுங்கள். ஊர் பேரை மட்டும் எழுதினால் அந்தப் பெயரில் பதிவு இல்லை என்று திருப்பி அனுப்ப வசதியாகிவிடும்.